அடைப்புக்குறிக்குள் ஒரு கடக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கார் பட்டறையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. ‘கிடைத்தது’ என்பது மரியாதைக்குச் சொல்வது. நியாயமாகச் சொன்னால் சுட்டுக்கொண்டு வந்தேன். பட்டறைக்காரருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருவார். வரட்டும், அதையும் எழுதிக்கொள்ளலாம். எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். வீடு தீப்பிடித்தாலும் முதல் வரி எப்படி அமைய வேண்டும் என்று யோசிப்பானே தவிர, தண்ணீர் வாளி எங்கே என்று தேட மாட்டான்.

முதல் வரிக்கு வருவோம். மூன்று எழுதி மூன்றையும் அடித்தேன். அடித்ததை மறைக்கவில்லை, பாருங்கள்:

மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், பத்தொன்பது வயதான ஒரு கார்—

(மழையும் இல்லை, மாலையும் இல்லை. காலை ஒன்பதேகால், வெயில் மண்டையைப் பிளந்தது.)

ஒவ்வொரு வாகனத்துக்குள்ளும் சொல்லப்படாத ஒரு துயரம்—

(இதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிருக்கும்.)

காரில் சத்தம் வந்தது.

இந்த மூன்றாவது வரியைச் சொன்னது என் அக்கா. “இதுல என்னடா குறைச்சல்? வந்தது, சொல்லியாச்சு” என்றாள். அதை அடித்திருக்கக் கூடாது. வயிற்றெரிச்சலில் அடித்துவிட்டேன்.

2

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர், முக்கால்வாசி நெடுஞ்சாலை. போக வர எழுபத்தாறு. நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் சம்பாதிக்கிறாள், நான் எழுதுகிறேன். நான் எழுதுவதை முதலில் படிப்பதும் அவள்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, தாள் தாளாகப் படிப்பாள். பிடித்த இடத்தில் ஒரு சின்ன ‘டிக்’. பிடிக்காத இடத்தில் கொட்டாவி.

(அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்கவே மாட்டாள். “அது நீ உனக்குள்ளயே பேசிக்கறது. முக்கியமானதை எவனாவது அடைப்புக்குறிக்குள்ள போடுவானா? எங்க லேப்ல அப்படி ரிப்போர்ட் எழுதினா ஆளு செத்துப் போயிடுவான்” என்பாள். ஆகவே இந்த இரண்டு வளைகோட்டுக்குள் நான் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உதாரணத்துக்கு: அவள் குறட்டை விடுவாள்.)

அவளுடைய கார் மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியது. அந்த வயசுக் காரில் சத்தம் வருவது ஒரு சேதியே இல்லை. மேடு ஏறினால் பின்சீட் முனகும். கண்ணாடியைப் பாதி இறக்கினால் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். டிக்கிக்குள் ஜாக்கி தன் பாட்டுக்குத் தாளம் போடும். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே மருந்துதான், ரேடியோவைக் கூட்டி வைப்பது. ஆனால் புதிதாக வந்த ஒரு சத்தம் மட்டும் ரேடியோவுக்கு மசியவில்லை. அதற்காகத்தான் காதிடம் போனோம்.

‘காது’ என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள், விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை அவரே பலகையில் எழுதி மாட்டவில்லையே தவிர, மற்றதெல்லாம் செய்திருந்தார். “ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆட்டிப் பார்த்துச் சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்கு? கேட்டுச் சொல்லணும்” என்பார். பட்டறையில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு ஸ்டூல். அது அவருடைய வேலை மேசைக்கு இடது பக்கம், சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. நிழலுக்காக நான் அதை வலது பக்கம் இழுக்கப் பார்த்தேன். “அங்கயே இருக்கட்டும் தம்பி” என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார்.

“என்ன சத்தம்?” என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவு, மனசு மாறித் திறக்கிற மாதிரி அண்ணே.”

காது என்னைப் பார்த்தார். பிறகு காரின் நாலு கதவையும் பார்த்தார். “கதவெல்லாம் நல்லாத்தான இருக்கு?”

அக்கா என்னை ஓரமாகத் தள்ளினாள். “வண்டி சூடாகணும். அரை மணி நேரம் ஓட்டின பிறகுதான் வரும். மெதுவா போகும்போது, பிரேக் வெச்சுக்கிட்டே திருப்பினா ஒரு ‘கடக்’. ஒண்ணே ஒண்ணு. நேரா போனா கிடையாது. முன்னாடிதான். எந்தப் பக்கம்னு எனக்குப் பிடிபடலை.”

“இந்தாங்க, இது பேச்சு” என்றார் காது. என் பக்கம் திரும்பவே இல்லை.

மேசைக்கு அடியிலிருந்த பழைய இரும்புக் குவியலில் கைவிட்டு, எலுமிச்சம்பழம் அளவில் ஓர் உருண்டையும் அதற்கு ஒரு காம்புமாக எதையோ எடுத்தார். “பள்ளத்துல விழும்போது தட்டினா ஷாக் அப்சார்பர் பக்கம் பார்க்கணும். வேகத்தடையில முனகினா ரப்பர் புஷ். பிரேக்கோட திருப்பும்போது ஒரே ஒரு கடக்குன்னா, இதுவா இருக்கலாம். பால் ஜாயின்ட். சக்கரத்தை வண்டியோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டிருக்கறதே இதுதான். இது தேஞ்சு கழண்டுச்சுன்னா…” அவர் உள்ளங்கையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சட்டென்று உள்பக்கமாக மடக்கினார். “சக்கரம் இப்படி உக்காந்துரும். நீங்க எண்பதுல போனாலும் சரி, நூறுல போனாலும் சரி. அப்புறம் ஸ்டியரிங்கைப் புடிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல, தங்கச்சி.”

அக்கா அந்த மடங்கிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பார்த்துடுங்கண்ணே” என்றாள். அன்றைக்குப் பேருந்தில் வேலைக்குப் போனாள். போகும்போது என்னிடம், “கூடவே இரு. எழுதறேன்னு பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்காத” என்றாள்.

3

இனி முறையாக, கதாசிரியன் விலகி நின்று, காதின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விலகி நிற்பதாக நடிக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

காது இடது சீட்டில் உட்கார்ந்தார். கூட வந்த பயல் (அதாவது நான், நாற்பது வயதுப் பயல்) ஓட்டினான். அரை மணி நேரம் சும்மா ஊரைச் சுற்றச் சொன்னார். பிறகு ஆளில்லாத ஒரு கிடங்கின் முன்னால் இருந்த சிமென்ட் தரைக்குப் போகச் சொன்னார். இந்தக் கட்டம் அவருக்குப் பிடிக்கும். வண்டி சூடாகி, ஊர்ச் சத்தம் விலகி, ஒரு இரும்பு தானாக வாயைத் திறக்கப் போகிற நிமிஷம். முப்பது வருஷமாக அவரை ஆளாக்கி வைத்திருப்பது இந்த நிமிஷம்தான். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். கண்ணை மூடினார். ஒரு விரலைத் தூக்கினார்.

“மெதுவா. பிரேக்கை லேசா அமுத்திக்கிட்டே வளைங்க.”

கடக்.

“இன்னொரு தடவை.”

கடக்.

அவர் முகம் மலர்ந்தது. “இடது. இடது பக்க பால் ஜாயின்ட்.”

(எனக்கு அது வலது பக்கம் கேட்டது. கேட்டது மட்டுமில்லை, பிரேக்கில் இருந்த என் வலது பாதத்துக்கு அடியில் யாரோ முட்டியது போல் உள்ளங்காலில் உறைத்தது. “வலது பக்கம் மாதிரி இருக்கேண்ணே?” என்று கேட்டேன். பதில் இல்லை. ‘போடா கத்துக்குட்டி’ என்று நினைக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் மூன்று முறை பேச்சுக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கைபேசி அடித்தபோது வலது கையால் எடுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது காதில் வைத்துப் பேசினார். அப்போதுதான் அந்தச் சங்கிலி போட்ட ஸ்டூல் ஞாபகம் வந்தது. மனுஷனுக்கு வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஒரே காதால் கேட்கிறவருக்கு எந்தச் சத்தமும் அந்தக் காதின் பக்கமிருந்துதான் வரும். இடது என்று அவர் சொன்னது காரைப் பற்றியே இல்லை. நான் இதைக் கண்டுபிடித்தது போன வாரம் வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. இன்றோடு பத்து நாள். யாரிடமும் சொல்லவில்லை.)

பட்டறைக்கு வந்ததும் காது இடது முன்சக்கரத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி, நெம்புக் கம்பியைச் செருகி ஓர் அழுத்து அழுத்தினார். உருண்டை லேசாக அசைந்தது. “பார்த்தீங்களா, ஆடுது!” என்றார். பெரிய திருடனைப் பிடித்த சந்தோஷம். மூன்றரை லட்சத்தை நெருங்கும் வண்டியில் எந்தப் பக்கம் கழற்றினாலும் ஏதாவது ஒரு திருடன் இருக்கத்தான் செய்வான். அந்த உருண்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். அழகாகத்தான் மாட்டினார், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சாயந்திரம் அக்கா வந்தபோது வண்டி ஆறிப்போயிருந்தது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினாள். சத்தமே இல்லை.

“புது பார்ட்டு. செட் ஆகற வரைக்கும் எப்பவாவது லேசா சத்தம் வரும். பயந்துக்காதீங்க” என்றார் காது.

“உங்க காதுக்குக் கோயிலே கட்டலாம்ணே” என்றாள் அக்கா.

4

மேலே உள்ள மூன்று பகுதியையும் அக்கா ஞாயிறு மத்தியானம் படித்துவிட்டாள். இது அதற்குப் பிறகு எழுதுவது. எனவே கொஞ்சம் தாராளமாக மூச்சு விடலாம்.

அவள் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பகுதியில் அந்தப் பெரிய அடைப்புக்குறி வந்தது. அவள் கண் முதல் வளைகோட்டில் நின்றது, நாய் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டுவது போல் அடுத்த பத்திக்குத் தாண்டியது. அவ்வளவுதான். ஒரு ‘டிக்’ போட்டாள்.

“காது அப்படியே இருக்காருடா. அந்த ஸ்டூலு, சங்கிலி, எல்லாம் நல்லா கவனிச்சிருக்க.”

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதையும் படிச்சா…”

“அதான் நான் படிக்கறதில்லன்னு தெரியுமில்ல.” பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். “சத்தம் இன்னும் வருது, தெரியுமா? முன்னைக்கு இப்ப கொஞ்சம் அதிகமா கூட. செட் ஆகுது போல.”

நான் “ம்” என்றேன்.

இந்த ‘ம்’மைப் பற்றி நான்கு பக்கம் கட்டுரை எழுதலாம். எழுதவும் செய்தேன். மொழியின் மௌனம், சொல்லாமையின் அறம் என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டேன். அது மௌனமெல்லாம் இல்லை. அது அயோக்கியத்தனம்.

ஏன் சொல்லவில்லை? சொல்கிறேன். அக்காவிடம் சொன்னால் நேரே பட்டறைக்குப் போவாள். நாலு பேர் எதிரில், “அண்ணே, உங்களுக்கு ஒரு காது கேக்கலையாமே?” என்பாள். ரிப்போர்ட் படித்துப் பழகியவள், சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த மனுஷனுக்கு இருப்பது அந்த ஒரு பெயர்தான். அது போய்விட்டால் யார் வருவார்கள்? எனவே இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அழகான காரணம். நீங்களும் நம்பியிருப்பீர்கள். உண்மைக் காரணம் என்னவென்றால், காது என்று பெயர் வாங்கிய மெக்கானிக்குக் காது கேட்காது என்பது என் கைக்கு இந்த வருஷம் வந்து சிக்கிய ஒரே நல்ல கதை. விஷயம் வெளியே போனால் கதை போயிற்று. கதை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.*

* பிறகு எப்போது? ஒரு கதையை முடிக்க எனக்குச் சராசரியாக ஏழு வாரம் பிடிக்கும். ஒரு பால் ஜாயின்டுக்கு எத்தனை வாரம் பிடிக்கும் என்று நான் விசாரிக்கவில்லை.

இதில் வேடிக்கை, இப்படி ஒரு பாத்திரத்தை யாரும் நம்ப மாட்டார்களே என்ற கவலை வேறு. காது கேட்காத காது! எவ்வளவு மலிவான குறியீடு. கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன். அதனால் அவருக்குப் பட்டப்பெயரை மாற்றிப் பார்த்தேன். ‘வாத்தியார்’ என்று வைத்தேன், ‘டாக்டர்’ என்று வைத்தேன். கிடங்கின் வாசலில் அக்காவின் கார் ஒவ்வொரு நாளும் எழுபத்தாறு கிலோமீட்டர் தேய்ந்துகொண்டிருக்க (கார் கிடங்கின் வாசலில் இல்லை, நெடுஞ்சாலையில் இருக்கிறது, வாக்கியத்தைத் திருத்து) நான் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவுகளும் தயாராக வைத்திருந்தேன். பாருங்கள்:

முதல் முடிவு. காதுக்கே சந்தேகம் வருகிறது. ஆளில்லாத நேரத்தில் வேறொரு வண்டியின் ஸ்பிரிங்கில் கையை வைத்துப் பார்க்கிறார். கை சொல்வதும் காது சொல்வதும் வேறாக இருக்கிறது. அன்றிலிருந்து கையால் வேலை பார்க்கிறார். பெயரும் போகவில்லை, வண்டியும் பிழைத்தது. மனிதாபிமானம் பொங்கி வழியும். எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து நாளாக அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்தவன் நான்.

இரண்டாம் முடிவு. நெடுஞ்சாலை, வளைவு, பிரேக்—

வேண்டாம். இதை எழுதிப் பார்த்தேன். முழுசாகவே எழுதினேன், நன்றாகவும் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

மூன்றாம் முடிவு. ஒன்றும் சொல்லாமல் விடுவது. கார் போகிறது, கடக் என்கிறது, புள்ளி புள்ளி புள்ளி. வாசகர் ஊகிக்கட்டும். என்னுடைய எல்லாக் கதைகளும் இப்படித்தான் முடியும். விமர்சகர்கள் இதைத் திறந்த முடிவு என்று பாராட்டுவார்கள். அக்காவுக்கும் இதுதான் தெரியும். தாள்களைத் திருப்பித் தரும்போதே சொன்னாள்: “முடிவு யோசிச்சு மண்டையைப் போட்டு உடைச்சுக்காத. வழக்கம்போலத் தொங்கல்ல விட்டுரு. உனக்கு அதுதான் வரும்.”

5

திங்கள் காலை. ஏழேகால். மாடி அறை, ஜன்னலோரம். கீழே அக்கா டிபன் டப்பாவை மூடும் சத்தம். மூன்றாம் முடிவை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செருப்பு மாட்டுகிறாள். சாவியைத் தேடுகிறாள். சாவி ரேடியோ மேல் இருக்கிறது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஒரு நிமிஷம் தாமதமானால் நல்லதுதானே என்று ஓர் அற்ப நினைப்பு. கிடைத்துவிட்டது. வாசல் கதவு.

“டேய், கிளம்பறேன்! இன்னைக்குப் பெரிய அதிகாரி வர்றாங்க, லேட் ஆகும். நீ சாப்டுடு!”

சரி, எழுதுவோம். கார் நகர்ந்தது. தெருவின் மரங்கள் ஒவ்வொன்றாக அதைக் கடந்து—

மரங்கள் கடக்காது, முண்டமே.

காலையில் ஆறிக்கிடக்கும் கார் சத்தம் போடாது. இப்போது ஒன்றும் கேட்காது. அரை மணி கழித்து, நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவில், ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு அவள் போகும்போதுதான் அது வரும். அவள் ‘செட் ஆகுது’ என்று நினைத்துக்கொள்வாள். ஏன் என்றால், அவளுக்குத் தெரிந்த இரண்டு பேர் அந்தக் காரைப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கேட்கவில்லை. இன்னொருவனுக்குக் கேட்டது, அவன் அதை வளைகோட்டுக்குள் போட்டு மூடி—

(எழுந்து ஓடியதால் வாக்கியம் அப்படியே நிற்கிறது. மீதியைத் திரும்பி வந்து எழுதினேன்.)

மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவினேன். கடைசிப் படியில் இடறி முழங்கால் தோல் பெயர்ந்தது. வெறுங்காலோடு தெருவுக்கு வந்தபோது கார் நகர ஆரம்பித்திருந்தது. குறுக்கே போய் நின்றேன். இரண்டு கையையும் பானெட்டின் மேல் வைத்தேன். அக்கா பிரேக்கை அழுத்தினாள், கண்ணாடியை இறக்கினாள்.

“பைத்தியமாடா பிடிச்சிருக்கு? இடிச்சிருந்தா?”

கையில் தாள் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஓடும்போதும் விடாமல் எடுத்து வந்திருக்கிறேன். “மூணாம் பகுதி” என்றேன். மூச்சு வாங்கியது. “அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதைப் படி.”

“நேரமாச்சுடா, வந்து படிக்கறேன்.”

“இப்பப் படி, அக்கா.”

“என்னன்னு வாயால சொல்லித் தொலையேன்!”

முழங்காலில் ரத்தம் வடிந்தது. எனக்கு ஒரு உவமை வந்தது, விழுங்கினேன். இன்னொன்று வந்தது, அதையும் விழுங்கினேன்.

“கெட்டுப்போனது வலது பக்கம். காது மாத்தினது இடது பக்கம். அவருக்கு வலது காது கேக்காது. வண்டியை எடுக்காத.”

நான் எழுதியதிலேயே இவ்வளவு சின்ன வாக்கியங்கள் வேறெங்கும் கிடையாது.

அக்கா ரேடியோவை அணைத்தாள். எஞ்சினை அணைத்தாள். கையை நீட்டி என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன், வாங்கவில்லை. அவள் உள்ளங்கை மடியில் நிமிர்ந்து கிடந்தது. அதை மெதுவாக உள்பக்கமாக மடக்கினாள், அன்றைக்குக் காது மடக்கிக் காட்டிய மாதிரியே. நிமிர்த்தினாள். மறுபடி மடக்கினாள்.

அதற்குப் பிறகு காதிடம் யார் போய்ச் சொல்வது, அவருடைய இடது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து எந்த வார்த்தையில் சொல்வது, அவர் ஸ்பேனரைத் தூக்குவாரா அல்லது தலையைக் குனிந்துகொள்வாரா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கும் தெரிய வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் இவள் ஒன்று கேட்டாள். சத்தமே போடாமல் கேட்டாள்.

“இது உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?”

பதில் உங்களிடம் இருக்கிறது. மூன்றாம் பகுதியில், அடைப்புக்குறிக்குள். அதோடு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.